காபந்து

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி காலையில், பூனாவின் கட்கி பஜாரில் பாங்டா மீன் விலை கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமணியிடமிருந்து ஹிந்தி போய்விட்டது. நாற்பத்தைந்து வருஷம் பேசிய ஹிந்தி. மீன்கார அம்மாளிடம் அவர் கேட்டது தமிழில் வந்தது. அவள் "க்யா?" என்றாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் தமிழ்தான் வந்தது, அதுவும் குழறி. மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் வலது கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. மீனை அப்படியே போட்டுவிட்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் அவரை உட்காரவைத்து, போபோடியில் அவர் வீடு தெரிந்த ரிக்‌ஷாக்காரன் ஒருவனைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் மனைவி ஜோசபின் வந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

மகன் மெர்வின் மகர்பட்டாவில் இருந்து வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவனுக்கு முப்பத்தைந்து வயது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே பதினோராவது மாடியில் வீடு. மனைவி டானியா கோவாக்காரி என்பதால் வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் அவனுக்குப் புரியும், ஆனால் வீட்டுத் தமிழ்தான் புரியும். சோறு, குழம்பு, சாவி எங்கே, எப்ப வருவ. அதற்கு மேல் போனால் கொஞ்சம் ஹிந்தி, கொஞ்சம் ஊகம்.

மூளையின் இடது பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு என்று ஸ்கேன் சொன்னது. வலது கை முழுசாகப் போகவில்லை, பலம்தான் குறைந்திருந்தது. பெரிய கவலை கழுத்தில். மூளைக்கு ரத்தம் போகும் குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு.

"கழுத்தைத் திறந்து அடைப்பை எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் செய்தால் நல்லது," என்றார் சர்ஜன். நரைத்த மீசைக்காரர், நின்றுகொண்டே பேசுகிறவர். "விட்டால் அடுத்தது இதைவிடப் பெரிதாக வரலாம்."

அவர் ஹிந்தியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமணி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சர்ஜன் மெர்வினைப் பார்த்தார். மெர்வின், "அவருக்குப் புரியவில்லை, டாக்டர்," என்றான்.

வார்டில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஷபானா சின்ன வயதுக்காரி. சோலாப்பூரில் இருந்து மேல்படிப்புக்கு வந்தவள், கண்ணுக்குக் கீழே எப்போதும் தூக்கமில்லாத கருப்பு. அவள்தான் மெர்வினை உட்காரவைத்து விளக்கினாள். பல பாஷை பேசுகிறவர்களுக்கு இப்படி வந்தால் சில சமயம் ஒரு பாஷை முன்னால் திரும்பும், மற்றது பின்னால் வரும், வராமலும் போகும். இவருக்குத் தாய்பாஷை திரும்பியிருக்கிறது. "ஆனால் எனக்கு அது தெரியாது. சில பேர் வார்த்தையே இல்லாத வார்த்தைகளை உண்டாக்கிப் பேசுவார்கள். கேட்டால் பாஷை மாதிரி இருக்கும், அர்த்தம் இருக்காது. அப்படி ஏதாவது வந்தால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

மெர்வின் தலையாட்டினான். அந்த எச்சரிக்கை அவன் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அந்த நாட்களில் அப்பா பேசியதே கொஞ்சம். தண்ணி. தலகாணி. ஃபேன். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏல" என்பார். சின்ன வயதில் கோபம் வந்தால் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார், மற்றபடி வாய் நிறைய "மெர்வின்" என்பார். இந்த ஐந்து நாளில் ஒரு தடவைகூடப் பெயர் வரவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராமல் கோவாவுக்குப் போனதை இன்னும் மனசில் வைத்திருக்கிறார் என்று மெர்வின் நினைத்துக்கொண்டான்.

அடுத்த கட்டிலில் ஜுன்னர் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருந்தார். எல்லாரும் அவரைக் காகா என்றார்கள். அவர் போனில் விடிந்ததிலிருந்து செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை வோட்டு எண்ணிக்கை. எந்தக் கட்சிக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. புதன்கிழமை பிரதமர் ராஜினாமா கொடுத்தார். புது ஏற்பாடு ஆகும்வரை பதவியில் தொடரும்படி குடியரசுத் தலைவர் கேட்டுக்கொண்டார். காகா போனை மார்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மராத்தியில் கேட்டார். ஆரோக்கியமணி அவர் பக்கமாகவே திரும்பிப் படுத்துக் கிடந்தார். பேச வராவிட்டாலும் காதுக்கு எல்லாம் விளங்கியது. அது யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஷபானா ஒரு காகிதத்தோடு வந்தாள். சர்ஜன் சனிக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கியிருந்தார். அதற்கு முன்னால் நோயாளிக்குத் தன் நிலைமை விளங்குகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். விளங்கினால் அவரே கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் குடும்பம். ஜோசபின் குளித்துவிட்டுக் கஞ்சி கொண்டுவர போபோடிக்குப் போயிருந்தாள். ஆகவே நடுவில் நின்று மொழிபெயர்த்தது மெர்வின்.

"இன்றைக்கு என்ன தேதி?"

"ஆறு," என்றார் அப்பா. "வியாழன்."

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி. பூனா."

ஷபானாவுக்குச் சந்தோஷம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுபத்திரண்டுவரை வந்தார். இருபது வருஷம் ஃபேக்டரி ஸ்டோரில் கணக்குப் பார்த்தவர், அந்த இடம் சேதப்படவில்லை.

பிறகு அவள் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நேரம்… நேரம் பாக்கது." பேனாவைக் காட்டினாள். "எழுதுதது." சாவிக்கு அவர் கையைத் திருகிக் காட்டினார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"பரவாயில்லை," என்றாள் ஷபானா. "நம் நாட்டின் பிரதமர் யார்?"

மெர்வின் கேட்டான். "டாடி, பிரைம் மினிஸ்டர் யாரு?"

ஆரோக்கியமணி வாயைத் திறந்தார். மூடினார். போர்வையின் ஓரத்தை இடது கையால் பிடித்தார். அவர் முகம் இறுகியது. பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"இப்ப… காபந்து."

"என்ன டாடி?"

"காபந்து. ராஜினாமா… குடுத்தாச்சு. தலைவர்… கூப்பிடணும். அடுத்தாளு. இன்னும் கூப்பிடல."

ராஜினாமா என்ற சொல் ஷபானா காதில் விழுந்தது, மராத்தியிலும் அதேதான். "யார் ராஜினாமா?" என்று கேட்டாள்.

மெர்வின் யோசித்தான். கோயிலில் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் ஒன்று இருந்தது. அப்பா அதில் செயலாளர். ஈஸ்டருக்கு முன்னால் ஏதோ சண்டையில் ராஜினாமா கொடுத்துவிட்டதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள். தலைவர் இன்னும் வேறு ஆளைப் போடவில்லை என்றும் சொன்ன ஞாபகம். சரிதான், அப்பா அங்கே போய்விட்டார்.

"அவர் தன் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்," என்றான் ஹிந்தியில். "சர்ச் விஷயம். கேள்வி பிடிபடவில்லை."

"முதலில் ஒரு வார்த்தை சொன்னாரே? காபன்…?"

"அது…" மெர்வின் அந்த வார்த்தையை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். கேட்டதே இல்லை. "அது வார்த்தை இல்லை, டாக்டர்."

அவள் முகம் வாடியது. காகிதத்தில் எழுதினாள். அப்பா மெர்வினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏல," என்றார். "சொல்லு. காபந்து." கட்டிலில் தட்டினார். "காபந்து."

"ஓகே டாடி. ஓகே. ரெஸ்ட் எடுங்க."

அவர் முகத்தைக் காகா பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் மெர்வின் கீழே போய், நெருங்கிய உறவினர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அப்பா இருக்கிறார், ஆனால் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. வெளியே வந்து அரைக் கிளாஸ் கட்டிங் டீ வாங்கினான். குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவை அழைத்துவர போபோடிக்குப் போனான். ஜோசபின் சமையலறையில் கஞ்சியைக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மம்மி, டாக்டர் டெஸ்ட் பண்ணினாங்க. டாடிக்கு கொஞ்சம்… கன்ஃப்யூஷன் இருக்கு."

"என்ன கன்ஃப்யூஷன்? காலைல என்கிட்ட நல்லாத்தான பேசினாவ."

"பிரைம் மினிஸ்டர் யாருன்னு கேட்டாங்க. டாடி சர்ச் சங்கம் பத்திப் பேசுறார். அப்புறம் ஏதோ மீனிங் இல்லாத வேர்ட். ரெண்டு மூணு தடவை."

"என்ன வேர்டு?"

"விடுங்க மம்மி."

"சொல்லுல."

"காபந்து."

ஜோசபின் குவளையை மேடையில் வைத்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "டாடி சொன்னத அப்படியே சொல்லு. ஒரு வார்த்த விடாம."

அவன் சொன்னான். காபந்து. ராஜினாமா குடுத்தாச்சு. தலைவர் அடுத்த ஆளக் கூப்பிடணும். இன்னும் கூப்பிடல.

"சங்கம்னு யாரு சொன்னா?"

"நான்… தலைவர்னு சொன்னாரே."

"குடியரசுத் தலைவர் மெர்வின். உங்க ராஷ்டிரபதி." ஜோசபின் குரல் உயரவில்லை. "நேத்துதான ராஜினாமா குடுத்தது. அடுத்த மந்திரிசபை வரைக்கும் நீங்களே பாத்துக்கிடுங்கன்னு ராஷ்டிரபதி சொல்லியாச்சு. அதுக்குப் பேருதான் காபந்து சர்க்கார். பேப்பர்ல அப்படித்தான் போடுவான். டாடி சரியாத்தான சொல்லியிருக்காவ. அந்த டாக்டரு, நீ, நான், எல்லாரையும்விட சரியா சொல்லியிருக்காவ."

மெர்வினுக்குக் காது சுட்டது. "காபந்துன்னா கேர்டேக்கரா?"

"ஆமா. பழைய ஆளு போயாச்சு, புது ஆளு இன்னும் வரல. அதுவரைக்கும் வீட்டப் பாத்துக்கிடணும். அன்னாட வேலையச் செய்யலாம். பெருசா எந்த முடிவும் எடுக்கப்படாது." மூடியைத் திருகினாள். "நீ என்ன செஞ்ச? அதச் சொல்லு."

"ஆபரேஷனுக்கு சைன் பண்ணிட்டேன். சனிக்கிழமை."

தெருவில் சிலிண்டர் வண்டிக்காரன் இரும்பால் தட்டிக்கொண்டு போனான்.

"அவிய உயிரோட, புத்தியோட படுத்திருக்காவ," என்றாள். "அவியளக் கேக்காம நீ எப்படில போட்ட? நானும் இருக்கேன். என்கிட்ட ஒரு போன் போடத் தோணல."

"டாடி வேண்டாம்னு தலையாட்டினார் மம்மி. புரியலைன்னு நினைச்சேன்."

"ஏன் வேண்டாம்னு கேட்டியா?"

அவன் கேட்கவில்லை.

இருவரும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பார்க்கும் நேரம் முடிய அரை மணி இருந்தது. ஜோசபின் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு, கணவனிடம் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆரோக்கியமணி கேட்டுக்கொண்டார். மெர்வின் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"டாடி. நான் தப்பா சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட. சாரி."

அப்பா அவனைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். அந்த முகத்தில் இருந்தது வெட்கம். அவர் இடது கையால் பக்கத்தில் தட்டி உட்காரச் சொன்னார்.

"பேரு… வரல ஏல."

"எந்தப் பேரு?"

"அவரு பேரு. பிரதமர்." நெற்றியைத் தொட்டார். "ஆளு தெரியுது. முகம் தெரியுது. எந்த ஊரு, எத்தன வருசம், எல்லாம். பேரு மட்டும் வரல. அதான்… காபந்துன்னு சொன்னேன். அதுவும் சரிதான?"

"சரிதான் டாடி."

அவர் ஜோசபினைக் காட்டினார். "இவ பேரு… நேத்து வந்துச்சு. சாயந்திரம்." கையை மகன் முழங்கால்மேல் வைத்தார். "உன் பேரு இன்னும் வரல."

ஜோசபின் குவளைக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கஞ்சி எப்போதோ கலந்தாயிற்று. மெர்வினுக்கு, ஐந்து நாளாக அப்பா தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருந்ததும், கோவாவுக்குப் போன குற்ற உணர்ச்சியில் அவர் பக்கத்திலேயே சரியாக உட்காராமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். அது கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

"ஏன் ஆபரேஷன் வேண்டாம்?" என்று கேட்டான்.

"வேண்டாம்னு சொல்லல. ஒண்ணு கேக்கணும். அந்த மீசைக்காரர்ட்ட." அவ்வளவுதான் சொன்னார். மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டு மணிக்கே மெர்வின் வார்டு வாசலில் ஷபானாவைப் பிடித்தான். அவள் பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவன் நின்ற இடத்திலேயே சொன்னான். அது வார்த்தைதான். தப்பு என் தமிழில். அவர் சர்ச்சைப் பற்றிப் பேசவில்லை, ராஷ்டிரபதியைப் பற்றிப் பேசினார். எனக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியாது, தெரியாது என்று உங்களிடம் சொல்லவும் இல்லை.

ஷபானா சுவரில் சாய்ந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். "நானும் வேறு ஆளைக் கேட்டிருக்க வேண்டும்," என்றாள். "என் பெரியப்பாவுக்கு இதே மாதிரி வந்தபோது எல்லாரும் அவரைக் குழந்தை என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் அவருக்குத் தெரிந்தே அவர் முன்னால் அவரைப் பற்றிப் பேசினார்கள். வாருங்கள், இப்போதே பார்க்கலாம். உங்கள் அம்மாவும் இருக்கட்டும்."

இந்தத் தடவை மொழிபெயர்த்தது ஜோசபின். அவள் ஹிந்தி பஜார் ஹிந்தி, ஆண்பால் பெண்பால் எல்லாம் கலங்கிப்போய் வரும். ஆனால் கணவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"பெயர் வேண்டாம்," என்றாள் ஷபானா. "நேற்று சொன்னதையே சொல்லுங்கள். இப்போது டெல்லியில் என்ன நிலைமை?"

ஆரோக்கியமணி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு கூட்டம். கூட்டணிக் கட்சியெல்லாம்… சேர்ந்து. ஒரு ஆளத் தேர்ந்தெடுக்கும். பெறவு லெட்டர்."

"என்ன லெட்டர்?"

"எங்கிட்ட இத்தன பேரு இருக்காங்கன்னு. அத குடியரசுத் தலைவர்ட்ட குடுக்கணும். அவங்களுக்கு நம்பிக்கை வரணும். வந்தாத்தான் கூப்பிடுவாங்க." மூச்சு வாங்கினார். "நியமனம் அவங்கதான். மக்கள் நேரா பிரதமர நியமிக்கல. மெம்பரத்தான்."

ஜோசபின் சொல்லி முடித்ததும் அடுத்த கட்டிலில் இருந்து காகா, "பரோபர்!" என்றார். சரியாகச் சொன்னார் என்று அர்த்தம்.

"பத்தாம் வகுப்பில் படித்தேன்," என்று ஷபானா சிரித்தாள். "மார்க் வாங்கி மறந்துவிட்டேன்." பிறகு அவள் அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்டாள். கழுத்தில் என்ன, எதற்காக ஆபரேஷன், செய்யாவிட்டால் என்ன. எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் விரலால் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் நேற்றைய காகிதத்தை எடுத்து, மேலே குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதோடு இருந்த படிவத்தில் மெர்வின் போட்ட கையெழுத்தின்மேலும் கோடு விழுந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"பெயர் மறப்பது வேறு, விஷயம் மறப்பது வேறு," என்றாள் மெர்வினிடம். "இவருக்கு முதலாவது மட்டும்தான்."

பதினொன்றரைக்கு சர்ஜன் வந்தார். ஆரோக்கியமணி உட்காரும்படி நாற்காலியைக் காட்டினார். சர்ஜன் மணியைப் பார்த்தார், ஆனாலும் உட்கார்ந்தார்.

"ஆபரேஷன்ல… மறுபடி இந்த மாதிரி வருமா?"

"வரலாம். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு."

"வந்தா, தமிழும் போயிருமா?"

ஜோசபின் அதை ஹிந்தியில் சொல்லும்போது குரல் உடைந்தது. மெர்வின் தரையைப் பார்த்தான். அப்பா தலையாட்டியது இதற்காகத்தான். மிச்சம் இருக்கிற ஒரே பாஷையையும் கத்திக்கு முன்னால் வைக்க அவர் தயங்கியிருக்கிறார். அதை யாரும் கேட்கவே இல்லை.

சர்ஜன் மழுப்பவில்லை. "போகலாம். ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விட்டால், இரண்டு வருஷத்துக்குள் நூறில் இருபது இருபத்தைந்து பேருக்குப் பெரிதாக வருகிறது. அப்போது பேச்சு மட்டும் போகாது. இதில் நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. என் அப்பாவாக இருந்தால் செய்யச் சொல்வேன்."

ஆரோக்கியமணி கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் ஜோசபினைப் பார்த்தார். அவள், "உங்க இஷ்டந்தான். நான் எதுக்கும் இருக்கேன்," என்றாள். பிறகு மகனைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லுத?"

மெர்வினுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "செய்யணும் டாடி. எனக்குப் பயம் இருக்கு. ஆனா செய்யலைன்னா இன்னும் பயம் இருக்கு. நீங்க… நீங்க வேண்டாம்னு சொன்னா நான் சண்டை போடுவேன். ஆனா சைன் போட மாட்டேன்."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. "செஞ்சிருவோம்," என்றார் சர்ஜனிடம். "திங்கக்கிழம."

"நாளைக்கே நேரம் ஒதுக்கியிருக்கிறேன்."

"ஞாயித்துக்கிழம பதவிப் பிரமாணம்னு சொல்லுதாவ. பாக்கணும்."

சர்ஜன் ஷபானாவைப் பார்த்தார். ஷபானா இரண்டு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்கிற மாதிரித் தலையசைத்தாள். "சரி, திங்கள்," என்றார் அவர். எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

படிவத்தில் ஆரோக்கியமணி இடது கையால் கையெழுத்துப் போட்டார். நேரம் பிடித்தது. 'ஆ' மட்டும் மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் காகாவின் போன் புதுச் செய்தி சொன்னது. கூட்டம் முடிந்து, கடிதங்கள் கொடுத்து, அரசு அமைக்க அழைப்பும் வந்தாயிற்று. சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். மெர்வின் வீட்டுக்குப் போகாமல் பழைய அறையில், தன் பள்ளிக்கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டான். கால் வெளியே நீட்டியது. கோவாவுக்குப் போனதைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தான். "அதையா இன்னும் நெனச்சிட்டிருக்க? டாடி அன்னைக்கு ரெண்டு பேரு கேக்கையும் ஒத்தையாத் தின்னாவ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வார்டுக்கு வெளியே இருந்த டிவிக்கு முன்னால் சக்கர நாற்காலிகள் சேர்ந்தன. நர்ஸுகள் சுவரோரம் நின்றார்கள். ஆரோக்கியமணி முன்வரிசையில், போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு. பிரதமர் எழுந்து நின்று பிரமாணம் எடுத்தார். அவர் பெயர் திரையில் ஓடியது. ஆரோக்கியமணி அதை உதட்டை அசைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மந்திரியாக வரிசை நீண்டது. மெர்வினுக்கு அலுத்துவிட்டது, அப்பாவுக்கு அலுக்கவில்லை. ஒரு மந்திரி தன் வரியைத் தப்பாகப் படித்துவிட்டுத் திருத்திக்கொண்டபோது காகாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவருக்கு மராத்தி, ஒருவருக்குத் தமிழ். அதற்கு மேல் அவர்களுக்குப் பேச வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்கு இவர் வரணும்னு ஆசையா டாடி?" என்று மெர்வின் காதோரம் கேட்டான்.

"நான் யாருக்குப் போட்டேன்னு உங்க அம்மாவுக்கே சொன்னதில்ல," என்றார் அப்பா. இத்தனை நாளில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கொண்டுபோனார்கள். ஜோசபின் ஜெபமாலையோடு கீழே உட்கார்ந்திருந்தாள். மெர்வின் மூன்று மணி நேரம் நடைபாதையில் நடந்தான். ஷபானா ஒரு தடவை வெளியே வந்து, "இன்னும் ஒரு மணி நேரம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினொன்றேகாலுக்கு சர்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, கை கால் அசைகிறது என்றார். பேச்சைப் பற்றி மயக்கம் தெளிந்தால்தான் தெரியும் என்றார்.

தெளிந்தது இரண்டு மணிக்கு. தொண்டை கரகரத்துக் கிடந்தது. ஜோசபின் குனிந்து, "என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"தண்ணி," என்றார். தமிழில். பிறகு, "ஒரு மடக்கு," என்றார். அந்த இரண்டாவது வார்த்தைக்குத்தான் அவள் அழுதாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தது மறுநாள் போகும், போனது வாரக் கடைசியில் வரும். மெர்வின் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டு போபோடிக்கு வந்தான். டானியாவும் சில வாரம் வந்தாள். ஜோசபினோடு ஆங்கிலமும் சிரிப்புமாகச் சமாளித்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் மெர்வின் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது அம்மா போன் வந்தது. பயந்துகொண்டு வெளியே ஓடிவந்து எடுத்தான்.

"பேசாத. கேளு," என்றாள் ஜோசபின். போனை ஜன்னல் பக்கம் நீட்டியிருப்பாள் போலிருக்கிறது. தெருவின் சத்தம் வந்தது. அதற்கு நடுவே அப்பாவின் குரல், கரகரப்பாக, உரத்து. வாசலை அடைத்து ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுப் போன எவனோ ஒருவனை ஹிந்தியில் கிழித்துக்கொண்டிருந்தார். வண்டியின் நம்பரை, அவன் படித்த லட்சணத்தை, லைசென்ஸ் கொடுத்தவனை, எதையும் விடவில்லை. ஒரு இடத்தில் மராத்தியும் கலந்தது.

மெர்வின் கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்று கேட்டான். உள்ளேயிருந்து யாரோ கையசைத்துக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று காட்டினான். ரிக்‌ஷாக்காரன் ஏதோ சமாதானம் சொன்னான். அப்பா விடுவதாக இல்லை.